பதினோராவது ஆளைக் கொண்டுவந்த குரல்

அண்ணை,

இன்று காலை கல்லூரியின் பந்து அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கிழிந்த வலைகளுக்குப் பின்னால் உங்கள் கை லவுட்ஸ்பீக்கர் கிடந்தது. தூசியைத் துடைக்க முகத்தருகே கொண்டுபோனதும் வேர்க்கொம்பு மணம், அந்தச் சுக்கு மணம் வந்தது. தொண்டை கட்டாமலிருக்க ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நீங்கள் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் அதே வேர்க்கொம்பு. போன வருடக் கடைசி ஆட்டம் முடிந்து நீங்கள் வைத்துவிட்டுப் போனது, ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்தும் மணம் போகவில்லை. பந்துக் கூடையின் மேல் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். கல்லூரியின் பராமரிப்பாளன் அழுவதைப் பார்க்க நல்லவேளை ஒருவரும் வரவில்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு இன்றுதான் முதல் ஆட்டம். அதனால் பழையதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். நான் கல்லூரிக்கு மாறிய பிறகும், மனதில் இருப்பதைக் கொட்ட உங்களிடம்தான் வருவேன். சில வருடங்களுக்கு முந்திய ஒரு வசந்தத்தில் கொட்டியது எங்கள் பெண்கள் உதைபந்தாட்ட அணியைப் பற்றி. எங்கள் சின்ன டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெரிய நகரத்துக் கல்லூரிகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே செயற்கைப் புல், வெளிச்சக் கம்பங்கள், முழுநேரப் பயிற்சியாளர். எங்களிடம் இருந்தது நான் வெள்ளைக்கோடு போடும் சாய்வான ஒரு மைதானம். அணியில் பத்தே பேர். என் மகள் தலைவி. கோடை விடுமுறைக்கு முன் பதினோராவது ஆள் சேராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று கல்லூரி முதல்வரான ரெக்டர் சொல்லிவிட்டார்.

நீங்கள் மைதானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆட்டம் பாக்கச் சனம் வாறதோ?" என்றுதான் கேட்டீர்கள்.

"நாலு தாய் தேப்பன் கோப்பியோட நிப்பினம்."

"பிறகெப்பிடியடாப்பா ஆள் சேரும்? ஆருமில்லாத இடத்தில ஆர் வந்து விளையாடுவினம்? விடு, நான் வாறன்."

உங்கள் மகன்மார் இரண்டு பேரும் பந்தைக் கண்டால் ஒதுங்கிப்போகிறவர்கள். உங்களுக்கு இதில் ஒரு சல்லிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து நம் தமிழ்ச் சனத்தோடு ஆறு கார்கள் வந்து நின்றன. பொரித்த ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி, கைக்குழந்தைகள், நடுவில் லவுட்ஸ்பீக்கரோடு நீங்கள். மன்னாரில் கோயில் பெருநாள் ஆட்டங்களுக்கு நீங்கள்தான் அறிவிப்பாளர் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு டேனிஷ் மைதானத்தில் செய்வீர்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

அன்றைய ஆட்டம் சும்மா ஆட்டமல்ல. பக்கத்து ஊர்க் கழகத்தை நான்தான் கெஞ்சி அழைத்திருந்தேன். காரணம் அவர்களுடைய கரோலினே. பதினாறு வயது, இடது கால் ஆட்டக்காரி. பெரிய நகரத்துக் கல்லூரியொன்று அவளை ஏற்கனவே கேட்டிருந்தது. எங்களையும் ஒருமுறை பார்க்கட்டும் என்பது என் கணக்கு. பார்க்க வந்த பிள்ளை முதல் பதினைந்து நிமிடத்திலேயே எங்கள் மூன்று பேரைக் கடந்து கோல் போட்டாள்.

அப்போது நீங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "இடதுகாற் சூறாவளி கரோலினே! ஆரம்மா உன்னைப் பெத்த மகராசி! அடிச்சாள் பார், வலை கிழியிறமாதிரி!" என்று முழங்கினீர்கள். வந்த சனமும் சேர்ந்து கைதட்டியது. எங்களுக்கு எதிராகப் போட்ட கோலுக்கு! என் மகள் கோட்டருகே ஓடிவந்து, "பா, அதை நிப்பாட்டச் சொல்லு, மானம் போகுது" என்று டேனிஷில் சீறினாள்.

இடைவேளையில் நான் உங்களிடம் பாய்ந்தேன். "அண்ணை, நீங்கள் ஆரின்ர பக்கம்?"

"பந்து ஆரிட்ட நிக்குதோ அவையின்ர பேரைத்தான் நான் சொல்லுவன். அறிவிப்பாளனுக்குப் பக்கமில்லை."

நான் லவுட்ஸ்பீக்கரை உங்கள் கையிலிருந்து பறித்தேன். ஆறு கார்ச் சனத்துக்கு முன்னால், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த உங்களிடமிருந்து பறித்தேன். நீங்கள் தேத்தண்ணி ஒரு வாய் குடித்தீர்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் கையைக் குவித்து, வெறும் வாயாலேயே கூப்பிடத் தொடங்கினீர்கள். எங்கள் பிள்ளைகளின் பெயர், அவர்களுடைய பெயர், நடுவருடைய பெயர்கூட. நாங்கள் தோற்றோம். உங்கள் குரல் போய்விட்டது.

ஆட்டம் முடிந்து கரோலினே நேராக என்னிடம் வந்தாள். "அந்த மனிதர் என் பெயரைச் சொல்லி என்ன சொன்னார்?" என்று கேட்டாள். உன்னைப் பெற்றவள் பாக்கியசாலி என்றார் என்று முணுமுணுத்தேன். அவள் உங்களைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் குரலில்லாமல் கையை ஆட்டினீர்கள்.

இரண்டு கிழமை கழித்து ரெக்டர் என்னைக் கூப்பிட்டு அவளுடைய விண்ணப்பத்தைக் காட்டினார். ஏன் இந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு அவள் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்: "நான் எதிரணியில் விளையாடினேன். அப்படியும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் சொந்த ஊரில்கூட யாரும் கூப்பிட்டதில்லை."

அப்படித்தான் பதினோராவது ஆள் வந்தாள், அண்ணை. அவளைப் பார்த்து அடுத்த வருடம் இரண்டு தோழிகள் வந்தார்கள். கோப்பியும் கையுமாக நின்ற டேனிஷ் தகப்பன்மார் "அடி, அடி" என்று தமிழில் கத்தப் பழகினார்கள். இப்போது சேர வரும் பிள்ளைகளை ரெக்டர் வகுப்பறைக்குக் கூட்டிப்போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத்தான் வரச்சொல்கிறார். செயற்கைப் புல் எங்களிடம் இன்னும் இல்லை. நாங்கள் கர்வப்படுவதற்கு அது தேவைப்படவுமில்லை.

லவுட்ஸ்பீக்கரை மறுநாளே உங்களிடம் திருப்பித் தந்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்கப் போன நேரமெல்லாம் நீங்கள் ரோல்ஸை நீட்டினீர்கள்.

இன்று பின்னேரம் ஆட்டம் தொடங்க முன் எதிரணியிடம் போய்ப் பதினொரு பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். வழக்கம்போல ஆறேழு கார்ச் சனம். இருபதாவது நிமிடம் அவர்களுடைய ஒல்லிப் பிள்ளையொருத்தி எங்களைக் கடந்து கோல் போட்டாள். என் நெஞ்சு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் உங்கள் லவுட்ஸ்பீக்கரைத் தூக்கி அவள் பெயரைக் கூப்பிட்டேன். முதலில் குரல் எழும்பவில்லை.

படிப்பு முடித்து இப்போது இந்த அணியைப் பழக்குகிற என் மகள் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் எனக்கு டேனிஷில் மட்டும் பதில் சொல்கிறவள், மைதானத்துக்கு நடுவிலிருந்து தமிழில் கத்தினாள்: "அப்பா, காணாது, இன்னும் சத்தமா! உங்கட அண்ணை மாதிரிச் சொல்லுங்கோ!"

சொன்னேன், அண்ணை. ஆட்டம் முடியும்வரைக்கும் சொன்னேன். இப்போது எனக்குத் தொண்டை அடைத்துக் கிடக்கிறது. நாளைக்கு வேர்க்கொம்பு வாங்க வேண்டும்.