எனக்கான ரைஃபிள்

ஜூன் 2, 2025, திங்கள்

இன்றும் முடிவெடுக்கவில்லை. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் பொது ரைஃபிளில்தான் சுடுகிறேன். முன்னால் சுட்டவர் தன் உயரத்துக்குத் தோள்கட்டையைத் திருகி வைத்திருப்பார். அதைச் சரிசெய்வதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

சொந்தமாக ஓர் ஏர் ரைஃபிள் வாங்க வேண்டும். ஸ்பிரிங் வைத்ததா, காற்று அடைத்த சிலிண்டர் வைத்ததா? ஸ்பிரிங் என்றால் சுடும்போது தோளில் ஓர் உதறல். சிலிண்டர் அசையாது, ஆனால் காற்று நிரப்ப கிளப்புக்குத்தான் ஓட வேண்டும். நாலு கிலோவா, ஐந்து கிலோவா? தப்பாக வாங்கிவிட்டால்?

மனைவி பிரான்சி சொன்னாள்: "பொண்ணு மெட்ராஸ் காலேஜுக்குப் போனதுலேருந்து உம்முன்னு இருக்கீங்களேன்னுதான் இதுல சேரச் சொன்னேன். இப்ப இதுக்கும் ஒரு கவலையா?"

இருபத்தொரு வருஷமாகக் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறேன். மூவாயிரம் டன் சிமெண்டைச் சொன்ன இடத்தில் நிறுத்துகிறவனுக்கு ஒரு ரைஃபிள் வாங்கத் தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக கிளப். கிளப்பில் மூத்தவரான ஆசீர் சார் தன் ஸ்பிரிங் ரைஃபிளைக் கொடுத்தார். இருபது பெல்லட். எல்லாம் குறி அட்டையின் கீழே, ஒரு பக்கமாகவே விழுந்தன. அதைவிட ஒன்று – குறிபார்க்கும் முன் சைட்டின் வளையம் வட்டமாக இல்லை. கீழ்ப்பகுதி நெளிந்து, யாரோ கட்டைவிரலால் அழுத்திய மாதிரி. ஆசீர் சாரிடம் சொன்னேன். கழற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு பிலோமின்?"

அவருக்குப் பழகிவிட்டிருக்கும். ஸ்பிரிங் வேண்டாம். ஒன்று கழிந்தது.

ஜூன் 11, புதன்

டூட்டி. எல்லா சிக்னலும் தெரிந்தன.

இதை ஏன் எழுதினேன்?

ஜூன் 15, ஞாயிறு

தென்னூர் துப்பாக்கிக் கடைக்காரர் சிலிண்டர் வைத்த புது ரைஃபிள் ஒன்றைச் சுட்டுப் பார்க்க கிளப்புக்கே கொண்டுவந்திருந்தார். கையில் எடுத்ததுமே பிடித்துவிட்டது. கன்னத்தில் அப்படி ஒட்டியது. குனிந்து பார்த்தேன். இதிலும் வளையம் நெளிகிறது. அதன் நடுவில் தெரிய வேண்டிய அட்டையின் கறுப்பு, சாம்பல் பூசின மாதிரி.

கோச் ரஷீதா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறுதான், ஆனால் எல்லோருக்கும் அவள் மேடம். "சார், மூணு ரைஃபிள்லயும் ஒரே பக்கம்தான் போகுது. ரைஃபிள்ல ஒண்ணும் இல்ல. வலது கண்ண மூடிட்டு இடது கண்ணால பாருங்க."

பார்த்தேன். வளையம் வட்டமாக இருந்தது. சுத்தமான வட்டம்.

"சார், கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை–"

"எனக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வேயிலயே கண் செக்கப் நடக்குது மேடம். நீங்க சுடச் சொல்லிக் கொடுங்க, போதும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரைஃபிளைக் கடைக்காரர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண் என்ன தப்பாகச் சொன்னாள்?

ஜூன் 16, திங்கள்

குளியலறைச் சுவரில் டைல்ஸ். இடது கண்ணால் பார்த்தால் கோடுகள் நேர். வலது கண்ணால் பார்த்தால் நடுவில் உள்குழிகின்றன. மூடித் திறந்து, தண்ணீர் அடித்து, மறுபடி. பிரான்சி கதவைத் தட்டும் வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த செக்கப் டிசம்பரில். அதற்குள் சரியாகிவிடாதா? தூசியாக இருக்கும். உடம்புச் சூடாக இருக்கும். கண்ணில் குறை என்று எழுதிவிட்டால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறக்கிட்டா நான் யாரு? வேற என்ன தெரியும் எனக்கு?

ஜூன் 18, புதன்

நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்தோம். லால்குடி தாண்டிக் கொள்ளிடம் பாலம். மாலை நாலரை. ஸ்ரீரங்கம் சிக்னலை நானும் அசிஸ்டெண்ட் கலையரசனும் இருவருமே பார்த்து, இருவருமே உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. கலையரசன், "மஞ்சள், சார்" என்றான். "மஞ்சள்" என்றேன். பிரேக் பிடித்தேன். எல்லாம் முறைப்படி.

ஆனால் நான் பார்க்கவில்லை. அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். சொன்ன பிறகுதான் மஞ்சள் தெரிந்தது. ஒரு நொடியோ இரண்டு நொடியோ. வெயில் கண்ணில் அடித்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வெயில் வலது பக்கம் இருந்தது. எதிரே இல்லை.

பாலம் தாண்டியதும் லெவல் கிராசிங்கில் பள்ளிக்கூட வேன் நின்றது. கேட் மூடித்தான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒண்ணும் நடக்கல. ஒண்ணுமே நடக்கல.

கலையரசன் இறங்கும்போது, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றான். அவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது.

ஜூன் 19, வியாழன்

காலையில் பிரான்சியிடம் சொல்லிவிட்டேன். பாலத்தில் நடந்ததையும் சொன்னேன். இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"இன்னிக்கு டூட்டி எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"போகாதீங்க."

"ஒரு லீவு போட்டுட்டு வெளியில ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு, அப்புறம் மெதுவா–"

"மறைச்சுட்டு ஓட்டப் போறீங்களா? அந்தத் தம்பியையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா?" குரலை உயர்த்தவில்லை. "வண்டி இல்லாட்டி என்னங்க, நாம சாப்பிடாமலா போயிடுவோம்? ஏதாவது ஆச்சுன்னா உங்களால தாங்க முடியாது. உங்கள எனக்குத் தெரியும்."

ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அவளும் வந்தாள். கண்ணில் கோளாறு என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனாவை மூடத் தெரியாமல் நின்றேன். அவள் வாங்கி மூடினாள்.

ஜூன் 20, வெள்ளி

சொட்டு மருந்து விட்டு, ஸ்கேன் எடுத்து, கட்டம் போட்ட அட்டையைக் காட்டிப் பார்த்தார்கள். வலது விழித்திரைக்குக் கீழே நீர் கோத்திருக்கிறதாம். கண்ட நேரத்தில் டூட்டி, தூக்கக் கேடு, மனசில் கவலை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். பலருக்குத் தானாகவே வடிந்துவிடும். சிலருக்குத் தழும்பு நிற்கும். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

"முக்கியமா, கவலைப்படாதீங்க."

பிரான்சி சிரித்துவிட்டாள். "அத மட்டும் இவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர்."

ஜூலை 7, திங்கள்

டைல்ஸ் கோடு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறதா? நேற்றும் இப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை 19, சனி

தூங்கினேன். ஏழு மணி நேரம். எத்தனை வருஷமாயிற்று.

செப்டம்பர் 22, திங்கள்

நீர் வடிந்துவிட்டது. தழும்பு நின்றுவிட்டது. படிக்கலாம், ஸ்கூட்டர் ஓட்டலாம். எஞ்சினுக்கு வேண்டிய அளவு பார்வை வலது கண்ணில் இல்லை. அவ்வளவுதான் டாக்டர் சொன்னார். இனிமேல் அலுவலகத்தில்தான் வேலை.

பொன்மலை ஸ்டேஷன் வரை நடந்தேன். ஒரு கூட்ஸ் போயிற்று. நாற்பத்திரண்டு வேகன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாலு மாதம் கழித்து கிளப். வாசலிலேயே திரும்பிவிடலாம் என்று இருந்தது. ரஷீதா பார்த்துவிட்டாள்.

"மேடம், அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீங்க சொல்லலன்னா நான் இன்னும் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

"அய்யோ, விடுங்க சார். கண் எப்படி இருக்கு?"

சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு ரைஃபிளை எடுத்து வந்தாள். அதன் தோள்கட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. "இடது தோள்ல வைங்க. இடது கண்ணால பாருங்க. புதுசாத்தான் கத்துக்கணும். அசிங்கமா இருக்கும். பரவாயில்லையா?"

அசிங்கமாகத்தான் இருந்தது. இடது விரலுக்கு ட்ரிக்கர் எங்கே என்றே தெரியவில்லை. கன்னம் வழுக்கியது. பத்தில் நாலு அட்டையிலேயே படவில்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார்கள்.

நவம்பர் 15, சனி

தென்னூர் கடைக்குப் பிரான்சியையும் அழைத்துப் போனேன். இடதுகைக்காரர்களுக்கான சிலிண்டர் ரைஃபிள் ஒன்றே ஒன்று இருந்தது. வாசல் பக்கம் குறிவைக்காமல் சுவரைப் பார்த்து நின்று தோளில் வைத்துப் பார்த்தேன். தலையைத் தூக்காமல் பத்து மூச்சு. கழுத்து இறுகவில்லை. எடை முன்னால் இழுக்கவில்லை. ட்ரிக்கர் விரலுக்குத் தானாக வந்தது.

"கோயம்புத்தூர்லேருந்து இன்னும் ரெண்டு மாடல் வரவழைச்சுத் தரட்டுங்களா? பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார் கடைக்காரர்.

"வேண்டாங்க. இதுதான்."

பிரான்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று பத்தில் ஏழு கறுப்புக்குள். மற்ற மூன்றும் எங்கே போயின என்று ரஷீதாவுக்கும் தெரியவில்லை.

காலையில் அலுவலகத்தில் டிரைவர்களின் டூட்டிப் பட்டியல் போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. மதியம் கலையரசன் எட்டிப் பார்த்து, "சார், ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்றான். சரி என்றேன். அவன் எந்த ரைஃபிள் நல்லது என்று கேட்டான். சுட்டுப் பார், கண்ணுக்குத் தெரியும் என்றேன்.