ஸ்டிக்கர் இல்லாத வண்டி

அன்புள்ள நாகஜோதிக்கு,

நான் சுகம். உன் கால்வலி தேவலையா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

இங்கே யூனிவர்சிட்டியில் மாணவர்கள் வண்டி நிறுத்துமிடத்தில்தான் எனக்கு டூட்டி. யூனிவர்சிட்டி அனுமதி ஸ்டிக்கர் ஒட்டாத வண்டிக்குக் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது சூப்பர்வைசர் உத்தரவு. செய்யச் செய்ய எனக்கும் அது விளையாட்டாகிவிட்டது.

போன மாதம் ஒரு பையன் ஓடிவந்தான். “அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப முடியலைன்னு போன் வந்துச்சு. வாடிப்பட்டி போகணும், காத்தப் புடுங்கிட்டீங்களே” என்றான்.

“எல்லாப் பயலும் இதத்தான்டா சொல்றீங்க. தள்ளிட்டுப் போ” என்றேன். வெயிலில் தள்ளிக்கொண்டே போனான். அவன் ஊருக்குப் போவதற்குள் அந்த அம்மாவின் உயிர் போய்விட்டதாம்.

நேற்று மொட்டைத் தலையோடு வந்தான். வண்டியை என் முன்னால் நிறுத்தி, “ஸ்டிக்கர் ஒட்டிட்டேண்ணே, பாத்துக்கங்க” என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

சூப்பர்வைசர் சிரித்தார். “பாத்தியா முத்திருளா, காத்தப் புடுங்குனாத்தான் புத்தி வருது.”

நானும் கூடச் சிரித்தேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ கவலைப்படாதே. நம் வீட்டில் சும்மா கிடக்கும் சைக்கிள் பம்பைப் பேரையூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. டூட்டிக்கு விசில் அடிக்கிறார்கள், போகிறேன். பம்பை மறந்துவிடாதே.

முத்திருளன்