ஃபேனுக்குள் இருந்த தூசி

அன்புள்ள பெரியவனுக்கு,

உனக்கு அந்த அலுவலகத்தில் மேசை கிடையாது. நீ சமையலறைக்குப் படம் வரைகிற வேலையில் இல்லை, கல் அறுக்கிற கொட்டகையில் நிற்கிறாய், அதுவும் இரண்டு வருடமாக. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம், இந்த முறை அந்த வரிக்குக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் கேட்டால் சிரிப்பாய், "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா" என்பாய், அதோடு சிக்னல் போய்விடும். வீடியோவில் வாடா என்றால் கேமரா ரிப்பேர் என்கிறாய். பதினேழு வருடமாக லேப்டாப் பழுது பார்த்துச் சம்பாதிக்கிறவளிடம் கேமரா ரிப்பேர் என்று சொல்லும் துணிச்சல் இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் வரும். அதனால்தான் காகிதம். இதை நடுவில் துண்டிக்க உனக்கு வழியில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள் என்று தப்பிப்பாய். சின்னவளுக்குக் கேம் உருவாக்கும் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வகுப்பில் உட்கார முடியாது, கைக்கு அடங்குகிற விலையில் நாலு வருடம் உழைக்கிற கேமிங் லேப்டாப்பாகப் பார்த்துச் சொல், பணம் நான் போடுகிறேன், அதுவரை என் பழையது ஓடுமா என்று திறந்து பார் என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அவள் நோட்டில் மூன்று மாடல் எழுதி வைத்திருந்தாள், முதலாவதாக எழுதியது வெள்ளையாக, ஒல்லியாக, கீபோர்டு முழுக்க சர்க்கஸ் கூடாரம் மாதிரி விளக்கு எரிகிற ஒன்று. டை கட்டிய விற்பனையாளர் அதைத்தான் முதலில் நீட்டினார். நான் மூடியை மூலையில் பிடித்துத் திறந்து பார்த்தேன், அப்பளம் மாதிரி வளைந்தது. கவிழ்த்து வைத்து, கீலை எதில் முடுக்கியிருக்கிறீர்கள், உலோகத்திலா பிளாஸ்டிக்கிலா, ரேம் தனியாகக் கழற்ற வருமா, போர்டோடு சேர்த்து ஒட்டியதா என்று கேட்டேன். அவர் "மேடம், நீங்க வாங்க வந்தீங்களா, கழட்ட வந்தீங்களா" என்றார். "வாங்கினா நாளைக்குக் கழட்டப் போறவளே நான்தானே தம்பி" என்றேன். சின்னவள் என் முழங்கையைக் கிள்ளினாள். "அம்மா, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்குச் சிரித்தேன்.

கேட்டுக்கொள். விளக்குக்குக் காசு கொடுக்காதே. பிளாஸ்டிக் கீல் ஆறு மாதத்தில் பிய்ந்துவிடும், வாரத்துக்கு நாலு பேர் மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் பார்த்து மயங்காதே, ஒரே பெயரில் இரண்டு லேப்டாப் இருக்கும், ஒன்றுக்கு முழு மின்சாரம் கொடுத்திருப்பான், இன்னொன்றுக்குப் பாதிதான், அது எத்தனை வாட் என்று பொடி எழுத்தில் எங்கேயாவது ஒளித்திருப்பான், தேடிப் படிக்க வேண்டும். அடாப்டர் செங்கல் மாதிரி கனக்க வேண்டும். ஃபேன் இரண்டு வேண்டும், சூடு பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெளியேற வேண்டும். ரேம் பதினாறு போதும், இன்னொன்று போட இடம் காலியாக இருக்க வேண்டும். அவள் படிப்புக்குத் திரையின் வேகத்தைவிட நிறம்தான் முக்கியம். இந்த வருடத்து மாடல் வேண்டாம், புதிது வந்ததும் விலை குறைத்துத் தள்ளுகிற போன வருடத்து மாடல் போதும். பழையது வாங்கலாமே என்று யோசிக்காதே. விளையாட்டு மையங்களில் இரவு பகலாக ஓட்டித் தீர்த்ததை எங்கள் முதலாளி மொத்தமாக எடுக்கிறார், நான் உள்ளே சூடு கடத்தும் பேஸ்டை மாற்றிப் புதுக் கீபோர்டு போட்டுத் துடைத்துக் கொடுக்கிறேன், அவர் "லேசா யூஸ் பண்ணது" என்று விற்கிறார். அந்தப் பொய்யில் என் கையும் இருக்கிறது. அதனால் பொய்யைத் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்பினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது அவள் நோட்டில் மூன்றாவதாக இருந்த கறுப்பு லேப்டாப், கடையிலேயே ஒரு மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டச் சொல்லிக் கை வைத்துப் பார்த்தேன், விரல் வைக்கிற இடம் சுடவில்லை, ஃபேன் சத்தம் ஒரே சீராக இருந்தது. சின்னவள் முகம் விழுந்துவிட்டது. "சூட்கேஸ் மாதிரி இருக்கும்மா" என்றாள். இருக்கட்டும், சூட்கேஸ் உழைக்கும். விற்பனையாளர் வாரண்டி அட்டையைக் கொடுத்தார், உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். கீழே விழுந்தால் கிடையாது, தண்ணீர் பட்டால் கிடையாது, தூசியால் வரும் பழுதுக்குக் கிடையாது என்று வரிசையாக இருந்தது. உன்னிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லி வந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை உன் பார்சல் வந்தது. மூன்று துணி சுற்றி அனுப்பியிருந்தாய், கீபோர்டில் ஸ்பிரிட் வாசனை, திரையில் ஒரு விரல் தடம் இல்லை. பிள்ளை பொருளை எப்படி வைத்திருக்கிறான் பார் என்று பக்கத்து மேசைக்காரியிடம் காட்டிப் பெருமைகூடப் பட்டேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். வெளியிலிருந்து ப்ளோயர் வைத்து ஊதியிருக்கிறாய். அப்படி ஊதினால் தூசி வெளியே வராது, ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் தகட்டுக்கும் நடுவில் போய் இறுகிக்கொள்ளும் என்று நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இருந்து சொல்கிறேன். அம்மா கண்ணில் படக்கூடாது என்று நீ ஊதிய ஊதலில், இரண்டு வருடத்துத் தூசி அப்படியே கட்டியாகி எனக்காகக் காத்திருந்தது.

என் தொழில் உனக்குத் தெரியும். ஒரு லேப்டாப்பைத் திறந்தால் அது எந்த வீட்டில் இருந்தது என்று சொல்லிவிடுவேன். பூனை வளர்க்கிறார்களா, போர்வை மேல் வைத்துப் படம் பார்க்கிறார்களா, அடுப்புப் பக்கத்தில் வைக்கிறார்களா, எல்லாம் தூசியில் இருக்கும். சிகரெட்டை விட்டு ஒரு வருடமாகிறது என்று மனைவியை நம்ப வைத்திருந்த ஒருவரின் லேப்டாப்பை அந்த அம்மா எதிரிலேயே திறந்து, இவ்வளவு மஞ்சள் பிசினா, புகை பிடிக்கிற அறையில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன், முதலாளி "ரிப்பேர் மட்டும் பண்ணுங்கக்கா, குடும்பத்தைப் பிரிக்காதீங்க" என்று கத்தினார். உன்னுடையதில் பஞ்சு இல்லை, முடி இல்லை, எண்ணெய் இல்லை. சாம்பல் வெள்ளையில் மாவு மாதிரி ஒன்று. விரலில் தேய்த்தேன், மாவு இல்லை, நறநறவென்றது. விளக்கின் கீழே மினுங்கியது. ஃபேனின் அச்சை அது அரைத்துத் தின்றிருந்தது.

அந்தத் தூசியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கல் அறுக்கும் பட்டறை ஒன்றின் கணக்கர் போன வருடம் மூன்று தடவை தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அவர் கல்லைத் தொடுகிறவர்கூட இல்லை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவர். எங்கள் கடைக்குப் பதினொரு படி, அதில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார். தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் பறக்காதே என்று கேட்டேன். "தண்ணி விட்டா சேறாகும், சேத்த அள்ள நேரமாகும், நேரத்துக்குக் காசு யாரு குடுப்பான், குழாய மூடிடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பெரிய நகைச்சுவை சொன்னவர் மாதிரி சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. நாலாவது தடவை லேப்டாப்பை வேறொருவர் கொண்டுவந்தார். கணக்கர் எங்கே என்றேன். "அவரு இப்ப வர்றதில்லம்மா" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நீ வேலையில் சேர்ந்தபோது அனுப்பிய விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணுக்கு வியாழக்கிழமை அடித்தேன். உன் பெயரைச் சொல்லி டிசைன் பிரிவு வேண்டும் என்றேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "டிசைன் செக்‌ஷனையே ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்துட்டாங்கம்மா, இப்ப வெளியில குடுத்து வரையுறாங்க. நீங்க சொல்ற பேர்ல கட்டிங்ல ஒருத்தர் இருக்காரு, கூப்பிடட்டுமா" என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கூப்பிட்டால் நீ முகத்துணியை இறக்கிவிட்டு அந்தத் தூளுக்கு நடுவில் நின்றுதான் என்னோடு பேசுவாய்.

இன்னொன்றும் யோசித்தேன், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. கல் அறுக்கும்போது யாரும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அறுக்க மாட்டார்கள். வேலை முடிந்து, படுக்கப் போகும் முன் அதைத் திறந்திருப்பாய், அப்போதுதான் ஃபேன் சுற்றும், அப்போதுதான் காற்றை இழுக்கும். ஆக அந்தத் தூள் நீ படுக்கிற அறையில் இருக்கிறது. கம்பெனி அறை கொடுத்திருக்கிறது, வாடகை மிச்சம் என்று பெருமையாகச் சொன்னாயே, அது கொட்டகைக்கு மேலேயா, பக்கத்திலேயா? ஏசி ஒத்துக்கவில்லை என்று இருமுகிறாயே, அந்த அறையில் ஏசி இருக்கிறதா?

உன்னை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சம்பளம் கூடியது என்றாய், அப்பா பதவி உயர்வு என்று தன் பள்ளி வேனில் ஏறுகிற அத்தனை குழந்தைகளின் அம்மாக்களிடமும் சொன்னார், இன்னும் சொல்கிறார், "பெரியவன் ஒரு கோடு போட்டா அது ஒரு வீட்டுக்குச் சமையலறை" என்று. எதற்காகக் கூட்டினார்கள் என்று நானும் கேட்கவில்லை. ஒரு லேப்டாப் வாங்க ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, பொடி எழுத்தைப் படித்துவிட்டு வந்தவள் நான். நீ எந்த அறையில் எதைச் சுவாசிக்கிறாய் என்று இரண்டு வருடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. படம் வரையத் தெரிந்தவனை இறக்கிக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, குழாயை மூடி, மூக்குக்கு ஒரு துணியைக் கொடுத்தால் அவன் தலையாட்டுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் தங்கை படிக்கிறாள், அம்மாவும் அப்பாவும் வாய் ஓயாமல் பெருமை பேசுகிறார்கள், இவன் எங்கே போய்விடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். உன்னைப் பிடித்து வைக்க அவர்களுக்குச் சங்கிலி தேவைப்படவில்லை, நாங்கள் போதும். யாரோ ஒருவர் வீட்டில் நீ அறுத்த கல்லில் சமையல் மேடை பளபளக்கிறது. அதைத் துடைக்கிற பெண்ணுக்கும் உன்னைத் தெரியாது, அதை வாங்கியவனுக்கும் தெரியாது.

உன் லேப்டாப் இப்போது ஓடுகிறது. புது ஃபேன் போட்டேன், பேஸ்ட் மாற்றினேன், சூடு குறைந்துவிட்டது. தகட்டில் விழுந்த கீறல் போகாது. சின்னவள் இதிலேயே வகுப்பைத் தொடங்கட்டும், முதல் பருவத்துக்கு இது தாங்கும். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, "அண்ணன் மேசையிலேர்ந்து வந்த லேப்டாப்பு" என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கறுப்பு லேப்டாப்புக்குப் பணம் அனுப்பாதே. அனுப்பினால் அன்றைக்கே திருப்பி அனுப்புவேன், நான் சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும். முதலில் நீ போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடு. கம்பெனி டாக்டரிடம் வேண்டாம், அவர் கம்பெனிக்குத்தான் டாக்டர். வெளியில் எடு, கல் அறுக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல், சொல்லாவிட்டால் சளி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். "ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்கம்மா" என்கிற உன் வார்த்தை எனக்கு வேண்டாம், படம் வேண்டும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் இதை மெசேஜில் கேட்டேன். நீ படித்துவிட்டாய் என்று காட்டுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் "சின்னவளுக்கு எந்த கலர் முடிவு பண்ணீங்க" என்று பதில் வந்தது.

அந்த அறையில் படுக்காதே, காசு போனால் போகட்டும், வெளியில் ஓர் இடம் பார். வேலைத் துணியோடு படுக்கையில் உட்காராதே, துணியை உதறாதே, நனைத்துத் துவை. குழாயைத் திறந்து வைக்கச் சொல்லி நீ ஒருவன் கேட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுவாய், அனுப்பட்டும், வந்துவிடு, என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட இடம் இருக்கிறது, சால்டரிங் உனக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். பதவி உயர்ந்தது, இறங்கியது எல்லாம் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ நெடுநாள் நல்ல மூச்சோடு இருக்க வேண்டும், மற்ற ஆசீர்வாதத்தையெல்லாம் நீ நேரில் வந்து நிற்கும்போது சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா.

பி.கு. எக்ஸ்ரே என்றைக்கு எடுக்கிறாய்? தேதியை மட்டும் எழுது.