ஆறு நிமிடம்

மார்ச் 3, திங்கள்
இன்றும் ஓட்டுநர்கள் என் மேசையைச் சுற்றி நின்று புலம்பல். நான் போட்ட பேருந்து அட்டவணைப்படி அறுபது கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் ஓட்ட முடியவில்லையாம். முதல் பாதி நெரிசல், மணிக்கு முப்பது. மறுபாதி வெளிச்சாலை, ஐம்பது. அதற்கு மேல் போகக் கூடாது. சராசரி நாற்பது. இதில் என்ன முடியாது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் ஓட்டுநர் மட்டும் சிரித்தான். "விடுங்கக்கா, எப்படியாவது புடிச்சிடறேன்." மூன்று முறை தாமதமானால் மெமோ. அவன் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம்.

மார்ச் 6, வியாழன்
நெட்டையின் வண்டி மோதி ஒருவர் இறந்துவிட்டார். சைக்கிளில் வந்த தையல்காரர். வெளிச்சாலையில் வேகம் அறுபது என்று கருவியில் பதிவாகியிருக்கிறது. அவனை இடைநீக்கம் செய்துவிட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு
மகளுக்கு நாளை கணக்குப் பரீட்சை. ஒருவர் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் ஐம்பதில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? காய் நறுக்கிக்கொண்டே நாற்பது என்றேன்.

"இல்லம்மா. எல்லாரும் இதுலதான் மாட்டுவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. மெதுவா போறப்ப நேரம் ஜாஸ்தி ஆகுதுல்ல? மொத்த தூரத்த மொத்த நேரத்தால வகுக்கணும். முப்பத்தேழரை."

கத்தியை வைத்துவிட்டு அவள் நோட்டின் கடைசித் தாளில் போட்டுப் பார்த்தேன். முப்பது கிலோமீட்டர், முப்பதில் — ஒரு மணி. முப்பது கிலோமீட்டர், ஐம்பதில் — முப்பத்தாறு நிமிடம். என் அட்டவணையில் ஆறு நிமிடம் குறைகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் வெளிச்சாலையில் அறுபதில் போக வேண்டும். சரியாக அறுபது.

நோட்டைச் சட்டென்று மூடினேன். "என்னாச்சும்மா?" என்றாள். ஒண்ணுமில்ல, நீ படி.

மார்ச் 10, திங்கள்
மேலாளர் அறை வாசல்வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடிக்க வந்தவள்போல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்
விசாரணை. "இந்த அட்டவணைய, வேகத்த மீறாம ஓட்ட முடியுமா, முடியாதா?" என்று மேலாளர் என்னைக் கேட்டார். நெட்டை எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சொல்லிடணும்னுதான் போனேன். சத்தியமா. என் வேல போயிட்டா மகள எப்படிப் படிக்க வைப்பேன்? அந்த ஒரு நொடியில அதுதான் வந்துச்சு —

"முடியும் சார்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஏப்ரல் 2, புதன்
அவனுடைய பணிநீக்க உத்தரவு. நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்
அட்டவணையைத் திருத்தி ஒட்டினேன். ஒரு மணி முப்பத்தாறு நிமிடம். காரணம் என்ற இடத்தில் 'சாலைப் பணி' என்று எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 21, திங்கள்
நெட்டை சான்றிதழ்களை வாங்க வந்தான். இளைத்திருந்தான். அறிவிப்புப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தான்.

"நேரத்த கூட்டிட்டீங்க போல. நல்லதுக்கா, வர்றவனாவது நிதானமா ஓட்டட்டும்." சற்றுத் தயங்கினான். "ஒன்றரை மணில முடியும்னு அன்னைக்கு நீங்க சொன்னப்பதான் புரிஞ்சுது. எனக்குத்தான் ஓட்டத் தெரியல. அந்த தையல்காரர் வீட்லயும் போய் அதத்தான் சொல்லிட்டு வந்தேன்."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.