அத்தை நம்பிய டாக்டர்

வில்லாபுரம், 2007

என்னங்க,

போனில் சொன்னால் அத்தை காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

இன்சுலின் போட்டால் கிட்னி போய்விடும் என்று துபாயிலிருந்து நம் தெருக் குடியிருப்போர் சங்கத்து மெயில் குழுவுக்கு நீங்கள் அனுப்பியதை, பக்கத்து வீட்டு லட்சுமிநாராயணன் மாமா ஜெராக்ஸ் போட்டு வாக்கிங் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அன்றே அத்தை ஊசியை நிறுத்திவிட்டார். காலில் புண் வந்த பிறகும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. "நெட்டுல பொய்யாவா போடுவாங்க?" என்றார். நான் படித்த எம்.பி.பி.எஸ். கணக்கிலேயே இல்லை.

அந்தக் குழுவில் நானும் சேர்ந்தேன். தினமும் கிளினிக் முடிந்ததும் அதில் வரும் ஒவ்வொரு புரளிக்கும் 'மதுரை டாக்டர்' என்ற பெயரில் பதில் எழுதினேன். கிட்னியைக் கெடுப்பது ஊசியில்லை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் என்று எழுதியதையும் மாமா ஜெராக்ஸ் போட்டார்.

இன்று காலை அத்தை அந்தத் தாளோடு கிளினிக்குக்கே வந்து, நோயாளிகள் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ ஒரு டாக்டரு எம்புட்டுத் தெளிவா எழுதியிருக்காரு. வீட்டுலயே டாக்டர வச்சு என்ன பிரயோசனம்? நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"தப்புதான் அத்தை" என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டேன்.

அந்த டாக்டர் யாரென்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இனிமேல் எந்த மெயிலை அனுப்புவதானாலும் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்த யாரோ ஒரு டாக்டர்