உயரம் தாண்டுகிறவனின் தொடை அளவு

காலை ஆறே கால். நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. கடையில் அவசரத் தையல் இருக்கிறது, கிளம்புகிறேன். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு, விளையாட்டும் கணக்கும் சேர்த்துக் கல்லூரியில் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது முதலில் தலையாட்டியவன் நான்தான். கணக்கைக் காகிதத்தில் போடுவார்கள் என்று நினைத்தேன். உன் வகுப்பில் உயரம் தாண்டுகிறவனின் தொடையை வாராவாரம் அளந்து வரைபடம் போடுவாய் என்று யார் கண்டது?

நேற்று நான் கத்தியது தப்பு. "நீங்க தையக்காரர். தினம் பத்துப் பொம்பளைங்களை அளக்கிறீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?" என்றாய். நீ சொன்னது சரி என்பதால்தான் கத்தினேன்.

நீ தேடிய அளவு டேப்பை ஒளித்து வைத்ததும் நான்தான். வீட்டுத் தையல் மிஷின் இழுப்பறையில் இருக்கிறது. இன்று செய்முறைத் தேர்வு, மறக்காமல் எடுத்துப் போ.

பின்குறிப்பு: உன் நோட்டைப் பார்த்தேன். ஐந்து வாரத்தில் அவன் தொடை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. என்னையும் அளந்து பார்த்தேன். எனக்கு இடுப்புதான் ஏறியிருக்கிறது.

இன்னொன்று. சாயங்காலம் நேரில் கேட்க வாய் வராது, இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

"அவனை அளக்கிறப்போ ரெண்டு பேரும் என்னம்மா பேசிக்குவீங்க?"