கல்லு!

1977 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

நைனாவின் பழைய காருக்கு டிஸ்க் பிரேக் போட்டாகிவிட்டது. நொறுங்கிப்போன ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றியதைக் கோவளம் மெக்கானிக் காதர் பாய் பின்சக்கரங்களில் பொருத்திக் கொடுத்தார். பழைய டிரம் பிரேக் மழையில் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. நைனா மூன்று முறை மிதித்துப் பார்த்துவிட்டு "முருகா, முருகா" என்பார். இது மிதித்த இடத்திலேயே நின்றது. மாமல்லபுரம் வழியாகச் செங்கல்பட்டு வரை விசிலடித்துக்கொண்டே வந்தேன்.

கிளம்பும்போதே காதர் பாய், "ஹேண்ட் பிரேக் ஒயரு மாட்ட இதுல எடமே இல்ல தம்பி. மேட்டுல நிறுத்தாத," என்றார். தலையாட்டினேன். எங்கள் வீடே மேட்டில் இருப்பது அப்போது உறைக்கவில்லை.

வாசலில் இறங்கியதும் கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்னையறியாமல், "கல்லு!" என்று கத்தினேன். நைனா அப்படித்தான் கத்துவார். அவர் காலத்தில் ஹேண்ட் பிரேக் இருந்தது, ஆனால் வேலை செய்யாது.

உள்ளேயிருந்து அம்மா ஓடி வந்தாள். கையில் நைனா காலத்து அதே கருங்கல். சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். கார் நின்றது.

நைனா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கல் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

"இத்த இன்னும் வெச்சிகினு கீறியாம்மா?" என்றேன்.

அவள் குனிந்து டிரைவர் சீட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீயாடா கூப்ட்ட?"